கார்பன் எஃகு ஒரு மாரியோடு முடியாது

‘காட்டு வேலைக்குத் துருப்பிடிக்காத எஃகில் தடித்த கத்திதான் வேண்டும், கார்பன் எஃகு ஒரு மாரியோடு முடிந்துவிடும்’ என்று தம்பி மேலே எழுதியிருப்பது ஆட்களை வீண் செலவில் இறக்கிவிடும்.

நீளமான வெட்டுக்கத்திக்கு முதலில் வேண்டியது அடி தாங்கும் குணம். பல துருப்பிடிக்காத எஃகுகளில் அது குறைவு. காய்ந்த பாலை மரக் கட்டையில் ஓங்கிப் போட்டால் வாய் பல்லுப் பல்லாக உதிரும். நமது கம்மாலைகளில் லொறியின் வில்தகட்டைக் கத்தியாக அடிப்பது வேறெதற்கு? ஏறத்தாழ 0.6 சதவீதக் கார்பன் உள்ள அந்த எஃகு எளிதில் உடையாது. மழுங்கினால் வரம்பில் குந்தியிருந்தே அரத்தால் ராவிக்கொள்ளலாம்.

துருவா? மரப்பால் பட்ட அலகைத் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். ஈரத் தோலுறைக்குள் செருகி மறந்துவிட்டால், துருப்பிடிக்காது என்று விற்றதிலும் புள்ளி விழும்.

தடிப்புக் கதையும் அரைகுறை. நாயுண்ணிப் பற்றைக்கு 2 முதல் 3 மில்லிமீற்றர் அலகு தாராளம். அங்கே வெட்டுவது வீச்சு. 6 மில்லிமீற்றர் அலகு விறகு பிளக்க உதவும், பற்றையில் மணிக்கட்டைத்தான் முறிக்கும்.

வாங்கும்போது அலகின் வால், அதாவது பிடிக்குள் இறங்கும் பகுதி, பிடியின் அடிவரை போகிறதா என்று பாருங்கள். அரை வாலோடு வரும் பகட்டுக் கத்தி வீச்சில் கழன்றால், பக்கத்தில் நிற்பவர் மேல்தான் பாயும்.