பதிலைச் சொல்லித் தொலைக்காதீர்கள்

செர்பியச் சிறுவர் எழுத்தாளர் உரோஷ் பெட்ரோவிச்சைப் பற்றிப் பேச்செடுத்தாலே, அவர் செர்பிய மென்சாவின் (ஐக்யூ அதிகம் உள்ளவர்களின் சங்கம்) தலைவராக இருந்தவர் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. மென்சா என்று காதில் விழுந்த உடனே பெற்றோருக்கு ஐக்யூ ஞாபகம் வந்துவிடும். கதைப் புத்தகம் டியூஷன் கணக்கில் சேர்ந்துவிடும்.

1967-ல் பிறந்தவர். 2003-ல் முதல் நாவல், மாய உலகக் கதை. ஆனால் பேர் வாங்கிக் கொடுத்தது மார்த்தா ஸ்மார்ட் என்ற சிறுமி வரும் புதிர்க் கதைகள்தான். சின்னச் சின்னக் கதைகள். ஒவ்வொன்றும் கேள்வியில் போய் நிற்கும்.

அந்த ரகம் புரிவதற்கு நானே ஒன்று சொல்கிறேன். ராத்திரி பனி கொட்டி ஓய்ந்துவிட்டது. காலையில் பார்த்தால் கேட்டிலிருந்து வாசல் வரை ஒரே ஒரு காலடித் தடம், வீட்டைப் பார்த்து. திரும்பிய தடம் கிடையாது. வேறு வழியும் இல்லை. உள்ளே போய்த் தேடினால் ஒருவரும் இல்லை. எப்படி?

துப்பறியும் கதையில் எழுத்தாளர் எதையாவது ஒளித்து வைத்திருப்பார். இதில் எல்லாமே கண் முன்னால் கிடக்கிறது. நாமாக நினைத்துக்கொண்ட ஏதோ ஒன்றுதான் மறைக்கிறது. குழந்தை அதோடு மல்லுக்கட்டும் பத்து நிமிஷம்தான் கதையே. அதற்குள் நமக்குத்தான் பொறுக்காது, பதிலை உளறிவிடுவோம்.

விடுகதை அந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. பிற்பாடு செர்பியப் பிரதமரான ஸ்டோயான் நோவாகோவிச் 1877-லேயே நாட்டுப்புற விடுகதைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டவர். (விடுகதை சேகரித்த பிரதமர்! கொடுத்து வைத்த ஊர்.) அங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒன்று: 'வெள்ளை வயல், கருப்பு விதை, விதைப்பது அறிவுள்ள தலை.' எழுத்து. இதைக் கேட்டு யாருக்கும் ஐக்யூ ஏறியதாகத் தெரியவில்லை, ஆனாலும் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

பெட்ரோவிச்சிடம் எனக்கு மனத்தாங்கலே இல்லை என்று சொல்ல மாட்டேன். டாக்டர் ரங்கோ ரயோவிச்சுடன் சேர்ந்து என்டிசி என்ற கற்பித்தல் முறையிலும் வேலை செய்தவர். புதிர் போட்டுப் பிள்ளைகளை யோசிக்க வைப்பது அதில் ஒரு பகுதி. வகுப்பறைக்கு நல்லதாகவே இருக்கட்டும். ஆனால் 'மூளை வளரும்' என்று சொல்லிக் கதையை நீட்டினால் பிள்ளை அதை மருந்து மாதிரிதான் வாங்கும்.

அவர் நிஜமாகவே துணிந்த இடம் வேறு: பயம். 'ஐந்தாவது பட்டாம்பூச்சி' நாவலின் நாயகன் ஆதரவற்ற சிறுவன். கதை நல்ல இருட்டு. 2014-ல் படமாகவும் வந்தது. பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று அவர் எதையும் நீர்க்க விடவில்லை. பெற்றோர் முதலில் பேச வேண்டியது இதைப் பற்றித்தான், மென்சாவைப் பற்றி அல்ல.