எச்பியை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்

சின்ன நிலத்துக்கு முதல் டிராக்டர் வாங்குபவர் எச்பியை, அதாவது குதிரைத்திறனைப் பார்த்தாலே போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அதில் உடன்பாடில்லை. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது எஞ்சின் எச்பி. மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரைச் சுழற்றுவதோ பி.டி.ஓ. தண்டுக்கு, அதாவது எஞ்சின் சக்தியைக் கருவிக்குக் கொண்டுபோகும் தண்டுக்கு வந்து சேரும் எச்பி. அது எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். என்ன கருவி மாட்டப் போகிறோம், அதற்கு பி.டி.ஓ.வில் எவ்வளவு வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொண்டு, அப்புறம் வண்டியைத் தேடுங்கள். கருவியின் அகலத்தையும் அளந்து பாருங்கள். பின்சக்கரங்களின் வெளி அகலத்தை அது மூடாவிட்டால் உழுத மண்ணின் ஓரத்தில் டயர் தடம் அப்படியே நிற்கும்.

முன்னால் லோடர், அதாவது மண் அள்ளித் தூக்கும் வாளி மாட்டுவதாக இருந்தால் நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவ் நல்லது. பின்னால் எடை கட்டாமல் லோடரில் மண் அள்ளவே கூடாது. பாரத்தை உயரத் தூக்கியபடி ஓட்டுவதும் ஆபத்து, சரிவில் சட்டென்று கவிழ்ந்துவிடும்.

அந்தக் கட்டுரை தொடாத ஒன்று, வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்க இருக்கைக்குப் பின்னால் நிற்கும் பாதுகாப்புக் கம்பி. அது இல்லாத பழைய வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள். கம்பி நிமிர்ந்திருக்கும்போது சீட் பெல்ட் கட்டாயம். மரக்கிளைக்கு அடியில் நுழைய மடக்கிவிட்டு, வெளியே வந்ததும் நிமிர்த்த மறந்துவிடுகிறார்கள். மடக்கிய நிலையில் பெல்ட் போட்டால், வண்டி கவிழும்போது அதோடு சேர்ந்து மாட்டிக்கொள்வோம்.

கம்பெனி எதுவானாலும் சரி, உதிரிபாகம் பக்கத்தில் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.