மோட்டரைக் குறை சொல்லாதீர்கள்

ஐப்பசி மழை கொழும்புக் காலி வீதியில் கொட்டும்போதுதான் எங்கள் பழைய மொறிஸ் மைனர் காரின் வைப்பர் கண்ணாடி நடுவில் அப்படியே நின்றுவிடும். கராஜுக்குக் கொண்டுபோனால், "மோட்டர் போயிற்று, மாத்த வேணும்" என்கிறார்கள். திறந்துகூடப் பார்ப்பதில்லை! மோட்டரில் ஒரு குறையும் இல்லை. அது முன்னும் பின்னும் இழுக்கிற கேபிள்தான் குழாய்க்குள் இறுகிக் கிடக்கிறது. எந்தக் காலத்திலோ பூசிய கிறீஸ் காய்ந்து மெழுகாகிவிட்டால் எந்த மோட்டர்தான் இழுக்கும்?

மோட்டரின் மூடியைத் திறந்து கேபிளை வெளியே உருவினால் தெரியும்: சுற்றியிருக்கிற கம்பியின் இடுக்கெல்லாம் கறுப்புப் பிசின். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்து, குழாயையும் கழுவி, புதுக் கிறீஸ் போட்டால் சரி. அப்புறம், வைப்பர் கைக்குக் கீழே இருக்கிற சின்னப் பல்சக்கரம் ஒரு பக்கம்தான் தேயும். மற்றப் பக்கத்தைத் திருப்பிப் பூட்டினால் நன்றாகப் பிடிக்கும்.

இதற்கு ஒருவருக்கும் பொறுமை இல்லை. கார்ச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பழைய மோட்டர் ஒன்று தேடட்டாம்! உற்பத்தி நின்று 50 வருசம் தாண்டிய கார் இது. நன்றாக ஓடுகிற லூக்கஸ் கம்பனி மோட்டரைக் கழற்றி எறியச் சொல்ல எப்படித்தான் மனம் வருகிறதோ!