எட்டு கப் கீரை

(பாம்பன் கடைத்தெரு. காற்று கொஞ்சம் பலம். கீரை விற்கும் காளியம்மாளிடம் லாட்ஜ் சமையல்காரர் செல்வம் வந்து நிற்கிறார்.)

செல்வம்: அக்கா, எட்டு கப் பாலக் கொடுங்க.

காளியம்மாள்: இது டீக்கடை இல்லை தம்பி. எத்தனை கட்டு, அதைச் சொல்.

செல்வம்: லாட்ஜில் வெளிநாட்டுக்காரங்க தங்கியிருக்காங்க. சாலட் வேணுமாம். செய்முறையையும் அவங்களே போனில் அனுப்பிட்டாங்க. எட்டு கப் இளம் பாலக் இலை என்றுதான் போட்டிருக்கு.

காளியம்மாள்: எந்தக் கப்?

செல்வம்: அமெரிக்கக் கப். கிட்டத்தட்ட 240 மில்லி.

காளியம்மாள்: என்னிடம் கடலை அளக்கிற உழக்குதான் இருக்கு.

செல்வம்: அது 336 மில்லி. அப்போ ஆறு உழக்குக்குக் கொஞ்சம் குறைவாகப் போட்டால் போதும்.

(காளியம்மாள் இலைகளைக் கிள்ளி உழக்கில் போடுகிறார். செல்வம் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துகிறார். இலை பாதிக்கு இறங்குகிறது.)

காளியம்மாள்: கையை எடு! அழுத்தாதே!

செல்வம்: பாதி வெறும் காற்றுதானே அக்கா?

காளியம்மாள்: இப்படி அழுத்தினால் ஆறு உழக்குக்குப் பன்னிரண்டு உழக்குக் கீரை போகும். அரிசி என்றால் தலை தட்டி அளக்கலாம். கீரைக்குத் தலை எது, எங்கே தட்டுவது? அழுத்தச் சொல்லிப் போட்டிருக்கா?

செல்வம்: (போனைப் பார்த்து) லேசாக நிரப்பணுமாம்.

காளியம்மாள்: லேசாக என்றால் உன் கைக்கா, என் கைக்கா?

செல்வம்: சரி, விடுங்க. எடைக்கே போயிடலாம். பாலக் ஒரு கப் சுமார் 30 கிராம். எட்டு கப்புக்கு 240.

காளியம்மாள்: இதை முதலிலேயே சொல்வதற்கென்ன! அப்போ எந்த இலைக்கும் கப்புக்கு 30தானே?

செல்வம்: எங்கே! நறுக்கிய லெட்டூஸ் 47 வரைக்கும் வரும். அருகுலா என்று ஒன்று, அது 20தான்.

காளியம்மாள்: ஒரே கப்பிலா?

செல்வம்: ஒரே கப்பில்.

காளியம்மாள்: உங்கள் லாட்ஜில் மீன் குழம்பையும் கப் கணக்கில்தான் வைக்கிறீர்களா?

(எலக்ட்ரானிக் தராசில் ஒரு கட்டுக் கீரையை வைக்கிறார். எண் 190, 230, 205 என்று ஆடுகிறது.)

செல்வம்: ஓர் இடத்தில் நிற்க மாட்டேங்குதே?

காளியம்மாள்: காற்று கூடினால் பாலத்தில் ரயிலையே நிறுத்துறாங்க. என் தராசு எம்மாத்திரம்? கையால் மறைத்துப் பிடி.

செல்வம்: நின்னுடுச்சு, 240! ஆனால் வேரும் தண்டும் சேர்ந்தல்லவா இருக்கு? இலை மட்டும்தான் கணக்கு. அதோடு காலையிலிருந்து தண்ணீர் வேறு தெளித்துக்கொண்டே இருக்கீங்க.

காளியம்மாள்: தெளிக்காவிட்டால் பத்து மணிக்கே வாடிவிடும். வாடினால் நீ வாங்குவாயா?

செல்வம்: கப்புக்கு வாங்கினால் காற்றுக்குக் காசு. எடைக்கு வாங்கினால் தண்ணீருக்குக் காசு. நல்ல வியாபாரம் அக்கா!

காளியம்மாள்: இரண்டும் வேண்டாம் என்றால் வதக்கிக் கொடு. எட்டு கப்பும் சுருங்கி ஒன்றரைக் கப்புக்குள் அடங்கிவிடும்.

செல்வம்: வதக்கினால் அது பொரியல். அவங்க கேட்டது சாலட்.

காளியம்மாள்: அப்போ மூன்று கட்டு எடுத்துக்கோ. கிள்ளி, அலசி, நன்றாக உதறிவிட்டு நிறுத்துப்பார். மிஞ்சினால் பருப்பில் போட்டு நீங்கள் சாப்பிடுங்கள்.

செல்வம்: சரி, கட்டுங்க. கொசுறாகக் கொஞ்சம் கறிவேப்பிலை?

காளியம்மாள்: காற்றோடு தரவா, தண்ணீரோடு தரவா?