ஆணிகூட அடிக்க முடியாதா?
இங்கிலாந்தில் ஓர் ஊரைப் பழைய தோற்றம் கெடாமல் காக்க வேண்டிய 'பாதுகாப்புப் பகுதி'யாக அறிவித்துவிட்டால் அங்குள்ள விக்டோரியா காலத்து வீட்டில் ஆணிகூட அடிக்க முடியாது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்த 1967ஆம் ஆண்டுச் சட்டம் காக்க நினைத்தது ஊரின் முகத்தோற்றத்தை. வீட்டின் உட்புறத்தை அல்ல. பட்டியலிடப்பட்ட கட்டடம், அதாவது அரசு தனித்தனியாகப் பட்டியலில் சேர்த்துக் காக்கும் கட்டடம் என்றால் கதை வேறு, அங்கே உள்ளே இருக்கும் மாடிப்படியை மாற்றவும் அனுமதி வேண்டும். கட்டுரையாளர் உதாரணமாகக் காட்டும் சால்டேர் அந்த வகை: டைட்டஸ் சால்ட் தன் ஆலைத் தொழிலாளர்களுக்காக 1851 முதல் கட்டிய அந்த ஊரில் ஏறக்குறைய எல்லா வீடுகளும் பட்டியலில் இருக்கின்றன, 2001 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம் வேறு. அதை வைத்து மற்றக் கிராமங்களை எடைபோட முடியுமா? நான் சில காலம் வாடகைக்கு இருந்த கிராமமும் பாதுகாப்புப் பகுதிதான். பக்கத்து வீடு பட்டியலில் இல்லாத செங்கல் வீடு. அதன் சொந்தக்காரர் மேலும் கீழும் நகரும் மர ஜன்னல்களைக் கழற்றி எறிந்துவிட்டு வெள்ளை பிளாஸ்டிக் ஜன்னல் மாட்டினார்; கேட்பார் இல்லை. அதைத் தடுக்கப் பொதுவாக உள்ளாட்சி மன்றம் 'நான்காம் பிரிவு ஆணை' என்று தனியாக ஒன்று பிறப்பித்திருக்க வேண்டும். ஆனால் தோட்டத்து மரத்தை வெட்ட ஆறு வாரத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டுமாம், வேடிக்கைதான்! மேலே பின்னூட்டத்தில் ஒருவர் பழைய சுவரின் இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்தால் உறுதிப்படும் என்கிறார். தயவுசெய்து வேண்டாம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் அந்த இடுக்குகள் வழியாகத்தான் ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதை மறித்துவிட்டால் உள்ளே சிக்கிய ஈரம் பனிக்காலத்தில் உறைந்து செங்கலின் முகம் செதில் செதிலாக உதிரும்.