பாலசந்தர் சின்னத்திரைக்கு வந்த காலம்

பட வாய்ப்புகள் நின்ற பிறகே கே. பாலசந்தர் தொலைக்காட்சிக்கு வந்தார் என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. 1990களின் தொடக்கத்திலேயே தூர்தர்ஷனுக்காக 'ரயில் சிநேகம்' தொடரை இயக்கிய அவர், அதன் பின்னரும் 'வானமே எல்லை' (1992), 'ஜாதிமல்லி' (1993), 'டூயட்' (1994), 'கல்கி' (1996) எனத் தொடர்ந்து படமெடுத்தார். மேடை நாடகத்திலிருந்து வந்தவருக்கு, வசனத்தால் நகரும் தொடர் ஒரு சறுக்கலாகத் தோன்றியிருக்கும் என்று நான் கருதவில்லை. கோலாலம்பூரில் நம்மில் சிலர் இத்தொடர்களைப் பின்னாளில், பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் வாடகைக்கு எடுத்த ஒளிநாடாக்களில் பார்த்ததால் காலவரிசை குழம்பியிருக்கலாம். 'கல்கி'க்குப் பிறகு படங்கள் அருகின என்பது உண்மையே. 'பார்த்தாலே பரவசம்' 2001இலும் 'பொய்' 2006இலும்தான் வெளிவந்தன.