வளர்த்த கழகத்துக்கு என்ன பங்கு?

இங்கிலாந்தின் நியூகாசில் உதைபந்தாட்டக் கழகத்திலிருந்து அலெக்சாண்டர் இசாக் என்ற வீரரை லிவர்பூல் கழகம் 125 மில்லியன் பவுண்டுக்கு எடுத்தது 2025 செப்டெம்பர் முதலாம் திகதி. அதிலிருந்து எங்கட கிறவுண்டில் பின்னேரத்தில் பந்தைவிடக் கணக்குத்தான் கூட உருளுது. பவுண்ட் 400 ரூபாய் என்று பிடித்தால் ஐயாயிரம் கோடி. "உந்தக் காசுதான் அண்ணை சின்னக் கழகங்களைச் சாக்காட்டுது" என்று பெடியள் ஒரே பிடி. கழகச் செயலாளர் ஆச்சே, நானும் ஓமெண்டு தலையாட்டுவேன் என்று பார்த்திருப்பாங்கள். நான் ஆட்டவில்லை. ஏனென்று கொஞ்சம் நீட்டாகவே எழுதுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் லைக்கைப் போட்டுவிட்டுப் போகலாம், கோவிக்க மாட்டேன்.

விலை கண்மண் தெரியாமல் ஏறியது உண்மை. 1979 இல் ட்ரெவர் பிரான்சிஸை நொட்டிங்ஹாம் பொரஸ்ட் ஒரு மில்லியன் பவுண்டுக்கு வாங்கினபோது பிரித்தானியாவே வாயைப் பிளந்தது. 2016 இல் போல் பொக்பாவுக்கு மன்செஸ்டர் யுனைட்டெட் கொடுத்த 105 மில்லியன் யூரோ உலக சாதனை. அடுத்த வருடமே கட்டார் காசில் ஓடுகிற பாரிஸ் சென் ஜேர்மன் நெய்மாருக்கு 222 மில்லியன் யூரோவை எண்ணி வைத்தது. ஒரே வருடத்தில் இரண்டு மடங்குக்கும் மேல்! அன்றைக்குப் பிறகு எந்த விலையைக் கேட்டும் யாரும் பெரிதாக அதிர்ந்ததில்லை.

ஆனால் அந்த 222 மில்லியன் எங்கே போனது என்று பாருங்கள். பார்சிலோனா அதைக் கையில் வைத்துக்கொண்டு டோர்ட்மண்டிடம் டெம்பெலேயை வாங்கியது, 2018 ஜனவரியில் லிவர்பூலிடம் கூட்டின்யோவை வாங்கியது. லிவர்பூல் அதே ஜனவரியில் சவுதாம்ப்டனிடமிருந்து வான் டைக்கை 75 மில்லியன் பவுண்டுக்கு எடுத்தது, அந்தக் கோடையில் ரோமாவிடமிருந்து பந்துக்காப்பாளர் அலிசனை எடுத்தது. இரணைமடுக் குளம் வான் பாய்கிற வருடத்திலும் கடைசி வாய்க்கால்காரன் மண்வெட்டியோடு தண்ணீருக்குக் காவல் நிற்பதைக் கண்டவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. தண்ணீர் குறைவில்லை, அது மேல்வாய்க்காலுக்குள்ளேயே நிற்கிறது. சவுதாம்ப்டன் வரைக்கும் கொஞ்சம் வந்தது. அவர்களும் நல்ல ஆட்களை வருடா வருடம் விற்றே காலம் தள்ளி, 2023 இல் இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கினார்கள்.

அதனால் "விலையைக் குறை" என்று கத்துவதில் எனக்கு ஈடுபாடு இல்லை. மேலே இருக்கிறவனிடமிருந்து கீழே ஏதாவது இறங்குகிறதென்றால் அது ட்ரான்ஸ்பர் காசாகத்தான், அதாவது வீரரை எடுக்கிற கழகம் விடுகிற கழகத்துக்குக் கொடுக்கிற காசாகத்தான் இறங்குகிறது. சம்பளமாகவும் முகவர் தரகாகவும் போகிற காசில் ஒரு சதம் வளர்த்த கழகத்துக்கு வராது. 1995 டிசெம்பரில் வந்த பொஸ்மன் தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்த வீரர் காசில்லாமல் கழகம் மாறலாம் என்றது. வீரருக்கு அது நியாயமான தீர்ப்பு, அதில் எனக்கு மறுகருத்தில்லை. ஆனால் 2024 இல் எம்பாப்பே பாரிஸிலிருந்து ரியல் மட்ரிட்டுக்குப் போனபோது ட்ரான்ஸ்பர் காசு பூச்சியம். அவருக்கு நல்ல தொகை போனது. அவரைச் சின்ன வயதில் வளர்த்த பொன்டி என்ற புறநகர்க் கழகத்துக்கு அந்த மாற்றத்தில் வரக்கூடியதும் பூச்சியம்.

உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபாவின் சட்டத்தில் 5 வீதம் என்று ஒன்று இருப்பது எங்கட ஆட்களில் பலருக்குத் தெரியாது. ஒரு வீரர் நாடு விட்டு நாடு காசுக்கு மாறும்போது அந்தத் தொகையில் 5 வீதம், 12 வயதிலிருந்து 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கழகங்களுக்குப் பிரிய வேண்டும். 12 முதல் 15 வயது வரை வருடத்துக்குக் கால் வீதம், அதற்குப் பிறகு வருடத்துக்கு அரை வீதம். இப்போது ஒரே நாட்டுக்குள் மாறினாலும், வேறு நாட்டில் வளர்ந்த வீரர் என்றால் அந்த நாட்டுக் கழகத்துக்குப் பங்கு உண்டு. எக்குவடோர்க்காரர் மொய்சேஸ் கைசேடோவை 2023 இல் பிரைட்டன் செல்சிக்கு விற்றது, உறுதித் தொகை 100 மில்லியன் பவுண்ட். அந்த அளவு விலையில் ஒரு பெடியனை 13, 14 வயதில் இரண்டு வருடம் மட்டும் வைத்திருந்த ஒரு கழகத்தின் பங்கைக் கணக்குப் பாருங்கள். அரை வீதம், ஐந்து லட்சம் பவுண்ட், எங்கட காசில் இருபது கோடி. மைதானத்துக்கு மதிலும் கட்டி, மின்விளக்கும் போட்டு, பேரப்பிள்ளை காலம் வரைக்கும் பந்து வாங்கலாம்.

சின்னக் கழகங்களை உண்மையில் முடிக்கிறது வேறு. ஒன்று, பிள்ளைகளையே மேலே தூக்குவது. இங்கிலாந்தில் 2012 இல் கொண்டுவந்த திட்டத்தின்படி அக்கடமிப் பிள்ளைகளுக்கு, அதாவது கழகங்களின் இளையோர் பயிற்சிப் பிரிவுப் பிள்ளைகளுக்கு, நிர்ணய விலை. பெரிய கழகம் அந்தச் சொற்பத் தொகையைக் கட்டிவிட்டுக் கொண்டுபோகலாம். நல்லவனெல்லாம் பதினாறு வயதில் போய்விடுகிறான் என்று பிரென்ட்போர்ட் 2016 இல் அக்கடமியையே மூடியது. (பிரீமியர் லீக்குக்கு ஏறின பிறகுதான் திரும்பத் திறந்தார்கள்.) மற்றது, வருமானத்துக்கு மிஞ்சின சம்பளம். 1885 இல் தொடங்கின, இரண்டு தரம் எஃப்.ஏ. கிண்ணம் வென்ற பெரி என்ற இங்கிலாந்துக் கழகம் 2019 இல் ஒரு பிரிவு மேலே ஏறியது. ஏறின நேரமே வீரர்களுக்குச் சம்பள நிலுவை. ஓகஸ்ட்டில் லீக்கிலிருந்தே துரத்திவிட்டார்கள்.

இனி எங்கட பக்கம் வருவோம். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டிக்குப் போய்ப் பாருங்கள். முதல் பரிசு லட்சக் கணக்கில், அனுசரணை கனடா, சுவிஸ். அரையிறுதியில் ஆடுகிற அணியின் பெயர் ஊர்ப் பெயர், ஜேர்சியும் ஊர் ஜேர்சி. உள்ளே நாலு பேர் யாழ்ப்பாணம், இரண்டு பேர் மன்னார். ஊர்ப் பெடியள் தண்ணிப் போத்தலோடு கோட்டுக்கு வெளியே. வந்த வீரருக்கு ஒரு ஆட்டத்துக்கு இத்தனை ஆயிரம், பெற்றோல் காசு, சாப்பாடு. அவனை வளர்த்த கழகத்துக்கு ஒரு போன் கூட இல்லை. அங்கே முழங்கால் பிரண்டால் மட்டும் தாய்க் கழகத்தின் ஞாபகம் வரும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறதும் நாங்கள், எண்ணெய்க் காசு சேர்க்கிறதும் நாங்கள்.

பெடியளை நான் குறை சொல்ல மாட்டேன். கூலி வேலையில் இரண்டு மூன்று நாள் நின்று எடுக்கிறதை ஒரு பின்னேரத்தில் எடுக்கலாமென்றால் யார் போகாமல் விடுவான்? என் கோபம், ஆள் பிடிக்கிற கழகத்தின் மேலும் காசனுப்புகிற அண்ணாமார் மேலும். கிண்ணத்தோடு எடுத்த படம் முகநூலில் வர வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்கு. பதினாறு வயதுக்குட்பட்டோர் அணிக்குச் சப்பாத்துக் கேட்டால் "பாப்பம்" என்கிறார்கள். ஆள் பிடிக்க வசதியில்லாத கழகம் முதல் சுற்றில் எட்டு கோல் வாங்கும், அடுத்த வருடம் பெயரே கொடுக்காது. ஐரோப்பாவில் ட்ரான்ஸ்பர் காசு ஊதிப்போனது என்று கவலைப்படுகிறோம். வன்னியில் அது பிறக்கவே இல்லை. எல்லாம் கைச்சம்பளம்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் கழகத்தின் பழைய பதிவேடு இடப்பெயர்வோடு போய்விட்டது, கிண்ணங்களும் போய்விட்டன. மீள்குடியேறி வந்த பிறகு புதுக் கொப்பி போட்டோமா? போட்டோம், தலைவர் செயலாளர் பெயர் எழுத. எந்தப் பிள்ளை எந்த வருடம் எங்களிடம் ஆடியது என்று எழுதிவைக்கவில்லை. பல கழகங்களில் இதே கதைதான். பீபாவின் பங்கு வேண்டுமென்றால் எங்கட உள்ளூர் லீக்கிலும் தேசிய சம்மேளனத்திலும் அந்தப் பதிவு இருக்க வேண்டும். அந்தச் சம்மேளனத்தையே 2023 ஜனவரியில் பீபா இடைநிறுத்தி ஓகஸ்ட்டில்தான் விடுவித்தது. "எங்கட பெடியன் செல்சிக்கோ போகப்போறான்?" என்று சிரிக்கிறவர்களுக்கு: மாலைதீவுக் கழகங்களுக்கு இலங்கை வீரர்கள் போய் ஆடியிருக்கிறார்கள். வெளிநாட்டில் இளம் வீரர் ஒருவர் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போட்டாலே அவரை வளர்த்த கழகத்துக்குப் பயிற்சி இழப்பீடு என்று தனியாக ஒன்று உண்டு.

லீக்கின் அடுத்த கூட்டத்தில் மூன்று விஷயம் கேட்கப் போகிறேன். ஒரு அணிக்கு வெளியாட்கள் மூன்று பேருக்கு மேல் கூடாது. வெளியாளைப் போடுகிற அணி அவனுடைய தாய்க் கழகத்தின் கடிதத்தோடு வர வேண்டும். பரிசுக் காசில் பத்து வீதம் அந்தத் தாய்க் கழகங்களுக்கு, மேடையிலேயே, பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும். பத்து வீதம் கூட என்று நினைக்கிறவை எத்தினை வீதம் எண்டு கீழ எழுதுங்கோ, பேசலாம். ஒண்டும் தரேலாது எண்ட பதிலோட மட்டும் வராதேங்கோ.